பக்க எண் இல்லாத புத்தகம்

மின்னூல் கோப்பு ஒன்றின் பெயரில் கடைசியாக இருக்கும் 'எபப்' என்ற பின்னொட்டை அழித்துவிட்டு 'ஜிப்' என்று மாற்றிப் பாருங்கள். கணினி ஒருமுறை எச்சரிக்கும். சரி என்று சொல்லிவிடலாம். இப்போது அதைத் திறந்தால் புத்தகம் வராது. கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, அட்டைப்படம், எழுத்துருக்கள், தோற்ற விதிகளை எழுதி வைத்த கோப்பு, எது முதலில் எது பிறகு என்று சொல்லும் பட்டியல். அத்தியாயக் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் அதே எச்.டி.எம்.எல். கண் விழித்து நாம் வாசித்து முடித்த நாவல், சுருட்டிக் கட்டிய ஓர் இணையதளம்.

இந்தப் பொதியில் முதலாவதாக இருக்க வேண்டிய கோப்பு எது என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு. அதன் பெயர் 'மைம்டைப்'. அதில் இருப்பது 20 குறிகள் கொண்ட ஒரே வாசகம்: இது எபப் வகைக் கோப்பு என்ற அறிவிப்பு. மற்றக் கோப்புகளை எல்லாம் இடம் மிச்சப்படுத்தச் சுருக்கலாம். இதை மட்டும் சுருக்கக் கூடாது. ஜிப் முறையில் எந்தக் கோப்புக்கும் முன்னால் 30 பைட் தலைப்புப் பகுதி வரும். அதை அடுத்து 'மைம்டைப்' என்ற பெயருக்கு 8 பைட். ஆக 39ஆவது பைட்டில் அந்த வாசகம் தொடங்கி 58ஆவது பைட்டில் முடிந்துவிடும். எந்த மென்பொருளும் பொதியைப் பிரிக்காமலேயே, முதல் 58 பைட்டைப் படித்துவிட்டுத் தன் கையில் இருப்பது புத்தகம் என்று தெரிந்துகொள்ளும். ஆயிரம் பக்கத் தொகுப்பானாலும் எட்டுப் பக்கக் குழந்தைக் கதையானாலும் அந்த இடத்தில் அந்த வாசகம்தான்.

மின்பதிப்புக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நாங்கள் காட்டுவது இந்தப் பொதியைத்தான். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர்கள் தேடுவதும் பெரும்பாலும் ஒன்றைத்தான்: பக்கங்கள் எங்கே?

பக்கம் என்று ஒன்று அதில் கிடையாது. 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது செய்யுள்', 'இது அடிக்குறிப்பு' என்று ஒவ்வொரு துண்டும் என்னவென்று மட்டும் அடையாளமிட்டிருக்கும். ஒரு வரியில் எத்தனை சொல், ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்பதெல்லாம் நீங்கள் திறந்த பிறகு, உங்கள் திரையின் அகலத்தையும் நீங்கள் வைத்திருக்கும் எழுத்தின் அளவையும் பார்த்து, கருவி அந்தக் கணத்தில் போடும் கணக்கு. எழுத்தை ஒரு படி பெரிதாக்கினால் அத்தனை பக்கங்களும் கலைந்து புதிதாகப் பிறக்கின்றன.

ஒன்று என்ன என்பதையும் அது எப்படித் தெரிகிறது என்பதையும் பிரித்து வைப்பது. எங்கள் தொழில் முழுவதும் இந்த ஒரு யோசனையின் மேல் நிற்கிறது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர், சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கணினிகளுக்கு இடையே பரிமாற வழி தேடியபோது பிறந்தது இது. அதுவரை 'இங்கே இரண்டு வரி விடு, இதைத் தடித்த எழுத்தில் போடு' என்றுதான் கணினிக்குக் கட்டளையிட்டார்கள். இவர்கள் 'இது தலைப்பு' என்று மட்டும் சொன்னார்கள். எப்படி அச்சிடுவது என்பது அச்சிடும் இயந்திரத்தின் பாடு. அந்த விதை 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற உலகத் தரமாயிற்று. இணையத்தின் எச்.டி.எம்.எல்.லும் 1998இல் வந்த எக்ஸ்.எம்.எல்.லும் அதன் வழி வந்தவையே. எபப் 2007இல் அதிகாரபூர்வத் தரமாகி, இன்று இணையத்தின் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது.

கருவி போடும் அந்தக் கணக்கை அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு பத்தியை வரிகளாக உடைக்க வேண்டும். கேட்டால் குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். எளிய முறையும் உண்டு: பந்தியில் வருகிறவர்களை வந்த வரிசையில் உட்கார வைப்பது போல, இடம் இருக்கும்வரை வரியில் சொற்களை நிரப்பு, இடம் போதவில்லையா, அடுத்த வரி. இதில் வரும் சிக்கல், வரிக் கடைசியில் நீளமான சொல் வரும்போது தெரியும். அது கீழே இறங்கிவிடும். மேல் வரியில் மிஞ்சிய மூன்று நான்கு சொற்களை இரண்டு ஓரத்தையும் தொடும்படி இழுக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை இடம் விழும்.

1977இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டொனால்ட் க்னூத், தம் கணினி நிரலாக்க நூல் வரிசையின் இரண்டாம் தொகுதிக்கு வந்த புதிய பதிப்பின் மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துபோனார். முதல் பதிப்பு உலோக எழுத்தில் கோத்தது. புதியது ஒளியச்சு முறையில் வந்திருந்தது. கணித வரிகளின் அழகு போயிருந்தது. எழுத்து என்பது கடைசியில் மை இருக்கும் புள்ளி, இல்லாத புள்ளி என்ற இரண்டே நிலைகள்தான் என்றால் அது கணினிக்காரனின் வேலை என்று அவர் தாமே இறங்கினார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழப் பத்தாண்டை எடுத்துக்கொண்டது. அதில் பிறந்ததுதான் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். உலகின் கணித, இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்றும் அதில்தான் எழுதப்படுகிறது.

வரி உடைப்புக்கு அவரும் அவருடைய மாணவர் மைக்கேல் பிளாஸும் கண்ட வழியை 1981இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வரியை வரியாகப் பார்க்காதே, பத்தியை முழுதாகப் பார் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வரியும் இயல்பான அளவிலிருந்து எவ்வளவு இழுபட்டது, எவ்வளவு நெருக்கப்பட்டது என்பதற்குத் தண்டனைப் புள்ளி போட வேண்டும். இழுப்பு இரட்டித்தால் புள்ளி எட்டு மடங்காகும்; அதனால் ஒரு வரி மட்டும் படுமோசமாக ஆவதைவிட நான்கு வரிகள் சற்றே நெகிழ்வது மேல் என்று கணக்கே சொல்லிவிடும். மொத்தப் புள்ளி மிகக் குறைவாக வரும் உடைப்புதான் வேண்டியது.

ஆனால் எத்தனை வழிகளைச் சோதிப்பது? 100 சொல் கொண்ட பத்தியில் 99 இடைவெளி. ஒவ்வொன்றிலும் உடைக்கலாம், உடைக்காமல் விடலாம் என்றால் மொத்த வழிகளின் எண்ணிக்கை 30 இலக்கம். அத்தனையையும் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. இதற்கு விடை மிக அழகானது. 40ஆவது சொல்லுக்குப் பின் உடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு வந்துசேர எத்தனையோ பாதைகள் இருக்கலாம். அவற்றில் மிகக் குறைந்த புள்ளியில் வந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடலாம். ஏனென்றால் 41ஆவது சொல்லிலிருந்து இனி நடக்கப்போவது எதுவும் வந்த பாதையைப் பொறுத்தது அல்ல. இந்த ஒரு கவனிப்பால் 30 இலக்க வேலை, சில நூறு கூட்டல்களாகச் சுருங்கிவிடுகிறது.

இத்தனை நல்ல வழி இருந்தும் உலாவிகளும் மின்னூல் செயலிகளும் பெரும்பாலும் பந்தி முறையையே பின்பற்றி வந்தன. திரையில் உரை ஓடிக்கொண்டே இருக்கும், நொடியில் விடை வேண்டும், பழைய கைபேசியிலும் ஓட வேண்டும். குரோம் உலாவி 2023இல்தான் பத்தியின் கடைசிச் சில வரிகளுக்கு மட்டும் முன்பின் பார்த்து உடைக்கும் வசதியைத் தந்தது. 2025இல் சஃபாரி பத்தி முழுவதையும் பார்க்கத் தொடங்கியது. 1981இல் தாளுக்கு வந்தது கண்ணாடிக்கு வர 40 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் நம் சொற்கள் நீளம். 'எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். எழுத்தெண்ணினால் 19. யூனிகோடில் கணினி சேமித்து வைப்பது 33 குறியெண்கள். கோப்பில் அது பிடிக்கும் இடம் 99 பைட். பெரிய எழுத்து வைத்திருக்கும் கைபேசியில் இந்த ஒரு சொல் ஒரு வரியையே விழுங்கிவிடும். எங்காவது உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்துக்கு இதை ஃபிராங்க் லியாங் தம் 1983ஆம் ஆண்டு ஆய்வேட்டில் தீர்த்து வைத்தார். அகராதி ஒன்றிலிருந்து 4447 எழுத்துக் கோலங்களைக் கணினியே கற்றுக்கொண்டு, ஏறக்குறைய 89 விழுக்காடு உடைப்பு இடங்களைச் சரியாகச் சொன்னது. தமிழுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். நம் செய்தித்தாள்கள் இணைப்புக்கோடு கூட இல்லாமல் காலங்காலமாகச் சொல்லை உடைத்து வருகின்றன. வரி ஒற்றில் தொடங்கக் கூடாது என்பது முக்கியமான மரபு. 'எழுதிக்' என்று நிறுத்தலாம். 'எழுதி' என்று நிறுத்திவிட்டு அடுத்த வரியை 'க்'கில் தொடங்கக் கூடாது. இவ்வளவு எளிய விதி. இருந்தும், புள்ளியைத் தனி எழுத்து என்று நினைத்து 'ந'வை மேல் வரியிலும் அதன் புள்ளியை ஒரு வெற்று வட்டத்தின் மேல் அடுத்த வரியிலும் போட்டுவிடும் செயலிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், அது கடைக்கு வந்திருக்காது.

ஆகவே எங்கள் அலமாரி நிறைய கருவிகள். திரை கீறிய பழைய கிண்டில், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள், ஐபேட் ஒன்று. புத்தகத்தை எபப்செக் என்ற சோதனை மென்பொருளில் ஓட்டி, பிழை எதுவும் இல்லை என்று வந்த பிறகும் ஒவ்வொரு கருவியிலும் திறந்து பார்க்கிறோம். விதிப்படி சரியாக இருக்கும் கோப்பு ஒன்றில் அழகாகவும் இன்னொன்றில் அலங்கோலமாகவும் வரும். நள்ளிரவு வரை உட்கார வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

இந்தத் தொழில் சென்னையிலும் புதுச்சேரியிலும் இவ்வளவு வேர் விட்டிருப்பது வெளியில் அதிகம் பேர் அறியாதது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் அறிவியல் இதழ்களின் கட்டுரைகள் பலவற்றுக்கு அச்சுக்கோப்பு நடப்பது இங்கேதான். புதுச்சேரியில் 1994இல் இன்டெக்ரா, சென்னையில் 1998இல் டி.என்.க்யூ. என்று வரிசையாக நிறுவனங்கள் வந்தன. திருவனந்தபுரத்தில் ரிவர் வேலி க்னூத்தின் டெக்கையே அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகள் இருந்தார்கள், சம்பளம் அங்கே கொடுப்பதைவிடக் குறைவு, லண்டன் தூங்கும்போது நாம் விழித்திருக்கிறோம். மாலையில் லண்டனிலிருந்து கிளம்பும் கையெழுத்துப் பிரதி அவர்கள் அடுத்த நாள் அலுவலகம் வரும்போது திருத்திக் கோத்துத் தயாராக இருக்கும்.

கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாசிப்பவருக்கு அது ஒரு வரி. இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஏழெட்டுத் துண்டுகள்: குடும்பப் பெயர், முதலெழுத்து, ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி, முதல் பக்கம், கடைசிப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இட வேண்டும். இதற்கு டேகிங் என்று பெயர். அப்படி அடையாளமிட்ட பிறகு 2000இல் தொடங்கிய கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவேட்டில் தேடி, அந்தக் கட்டுரைக்குரிய டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணைக் கண்டுபிடித்துப் பொருத்துவார்கள். உலகின் எந்த மூலையிலோ ஒரு மாணவி அந்த மேற்கோளைத் தொட்டதும் மூலக் கட்டுரை திறக்கிறதே, அந்தப் பாலத்தின் பல தூண்கள் கிண்டியிலும் புதுச்சேரியிலும் நட்டவை. இந்தத் துறையில் தமிழர்களுக்கு மட்டுமே உடனே புரியும் ஒரு சங்கடமும் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தலைப்பெழுத்து அப்பாவின் பெயர். படிவம் குடும்பப் பெயர் கேட்பதால் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் ஏறி, ஆய்வுலகம் முழுவதும் மகளின் கட்டுரைகள் அப்பாவின் பெயரில் மேற்கோளாகின்றன. டேகிங் செய்யும் பெண் அதைப் பார்த்ததும் கண்டுகொண்டு ஆசிரியருக்குக் கேள்வி அனுப்புவார். மென்பொருள் கேட்காது.

இன்று அந்த வேலை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஆள் பலத்தில் ஓடிய தொழில், நிரல்களின் கைக்குப் போகிறது. மேற்கோள் வரியைத் துண்டு போடுவதை இயந்திரம் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறது. மெய்ப்பைப் பி.டி.எஃப்.பில் அனுப்பி, அதில் ஆசிரியர் கிறுக்கியதைத் திரும்பத் தட்டச்சு செய்த காலம் போய், ஆசிரியரே உலாவியில் திறந்து திருத்துகிறார். அவர் திருத்துவது நேரே எக்ஸ்.எம்.எல்.லில் பதிகிறது. எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் முளைத்தது இந்த இடைவெளிகளில்தான். நூறு பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்யும் கருவியை எழுதுகிறோம் என்று விற்பனைக்குப் போகும்போது சொல்கிறோம். மீதித் தொண்ணூறு பேரைப் பற்றி நினைக்காமல் என்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிவதில்லை. ஒரு சமன்பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் கீழ்க்குறி இடம் மாறியிருப்பதைச் சொல்லும் கண்கள் அவர்களுடையவை. அந்தக் கண்ணுக்கு இப்போது வேறு விலை இருக்க வேண்டும். பல இடங்களில் இன்னும் இல்லை.

கேட்டதை எழுதித் தரும் பெருமொழி மாதிரிகள் வந்த பிறகு அந்தக் கண்ணின் தேவை கூடித்தான் இருக்கிறது. கட்டுரைகளில் இப்போது, இல்லாத கட்டுரைகள் மேற்கோளாகின்றன. இதழின் பெயர் உண்மை, ஆசிரியர்கள் உண்மை, ஆண்டும் தொகுதி எண்ணும் பொருத்தமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் எழுதப்பட்டதே இல்லை. மாதிரி கோத்துக் கொடுத்தது. கிராஸ்ரெஃப் பதிவேட்டில் பொருந்தாத மேற்கோள் என்றால் முன்பு எழுத்துப்பிழையாக இருக்கும் என்று நினைப்போம். இப்போது அது பொய்யா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

வாசகர்கள் பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. சென்னையில் 2012இல் தொடங்கிய நோஷன் பிரஸ், எழுத்தாளர் தாமே புத்தகம் போட்டு, கேட்கும்போது மட்டும் அச்சிடும் முறையைப் பரவலாக்கியது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கதைகள் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கப்படுகின்றன. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016 டிசம்பரில். இவை எல்லாம் வியாபாரச் செய்திகள், பலரும் எழுதிவிட்டார்கள்.

என்னை உண்மையிலேயே மகிழ்விக்கும் மாற்றம் இன்னொன்று. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மின்னூல்கள் பார்வையற்றவர்களும் மற்ற மாற்றுத்திறனாளிகளும் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பதிப்பகங்கள் தங்கள் பழைய நூல்களை எல்லாம் தூசு தட்டி அனுப்புகின்றன. சென்னையில் பல மேசைகளில் இப்போது இந்த வேலைதான். இதில் நம் நாடு பெருமைப்படலாம். பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல்களை உரிமைச் சிக்கலின்றி உருவாக்க வழி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானபோது, அடுத்த ஆண்டே அதற்கு ஒப்புதல் கொடுத்த முதல் நாடு இந்தியா.

தலைப்பு, பத்தி, செய்யுள் என்று அடையாளமிடும் அந்தப் பழைய யோசனை தன் முழு வலுவையும் காட்டுவது இங்கேதான். வாசகர் திரையைப் பார்ப்பதே இல்லை. ஒரு குரல் வாசித்துக் காட்டுகிறது. கண்ணால் பார்ப்பவர் தடித்த எழுத்தைப் பார்த்துத் தலைப்பு என்று ஊகித்துக்கொள்வார். குரலுக்குத் தடிமன் தெரியாது. கோப்பில் 'இது இரண்டாம் நிலைத் தலைப்பு' என்று எழுதியிருந்தால், வாசகர் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். எழுதாமல் வெறுமனே பெரிதாக்கி மட்டும் வைத்திருந்தால் 400 பக்கத்தையும் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும். அட்டவணையில் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று குறிக்காவிட்டால் காதில் விழுவது வெறும் எண்களின் ஊர்வலம்.

படங்களுக்கு மாற்று உரை எழுதுவது இதிலேயே கடினமான கலை. மழையளவு வரைபடம் ஒன்று இருக்கிறது. 'பட்டை வரைபடம்' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. பன்னிரண்டு மாத அளவையும் வாசித்தால் சலித்துவிடும். அந்த இடத்தில் ஆசிரியர் எதற்காக அந்தப் படத்தை வைத்தார் என்று பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பட்டைகள் எழுந்து நிற்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இயந்திரம் முதல் வரைவு கொடுக்கிறது. அது பெரும்பாலும் படத்தில் இருப்பதைச் சொல்லும். படம் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

பக்கமே இல்லாத இந்தப் புத்தகத்துக்குள் பக்க எண்களை ஒளித்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. அச்சு நூலில் 84ஆம் பக்கம் எந்தச் சொல்லில் தொடங்கியதோ அந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை மின்னூலில் நட்டு வைப்போம். வகுப்பில் ஆசிரியர் '84ஆம் பக்கத்தைத் திறங்க' என்று சொன்னதும் மற்றப் பிள்ளைகள் தாளைப் புரட்டும் நேரத்தில், பார்வையற்ற மாணவனும் தன் கருவியில் 84 என்று கொடுத்து அதே சொல்லுக்கு வந்துவிடலாம். ஒரு புத்தகத்தில் நூற்றுக்கணக்கான குறிகள். ஒவ்வொன்றையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

தமிழ் நூல்களுக்கு இதெல்லாம் செய்ய வேண்டுமானால் முதலில் அவை எழுத்தாக இருக்க வேண்டும். தொடக்கம் நமக்குத் தாமதமாக இல்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் 2005இல் வந்தது. ஆனால் 1990களிலும் 2000களிலும் தமிழ்ப் பதிப்பகங்கள் கணினியில் கோத்த புத்தகங்கள் பெரும்பாலும் யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு எழுத்துருவும் தன் போக்கில் ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று கோத்த கோப்பில் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. அதைத் தேட முடியாது, குரலால் வாசிக்கவும் முடியாது.

இதை யூனிகோடுக்கு மாற்றுவது ஒன்றுக்கு ஒன்று பதிலிடும் வேலையாக முடிவதில்லை. பழைய கோப்பில் 'கொ' என்பது கண் பார்க்கும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு நாவின் வரிசையைக் கேட்கிறது: முதலில் க, பிறகு ஒகரம். ஆக மாற்றும் நிரல், கொம்பைக் கண்டதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மெய் வந்ததும் அதன் பின்னால் வைத்து, கால் தொடர்கிறதா என்று எட்டிப் பார்த்து, இரண்டையும் சேர்த்து ஒகரமாக்க வேண்டும்.

இதுவரை இயந்திரம் தானாகச் செய்துவிடும். அடுத்து வருவது ஔகாரம். 'கௌ'வின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் வடிவில் ஒன்று. பழைய எழுத்துரு பலவற்றில் இரண்டுக்கும் ஒரே குறி. கொம்பு, க, ள என்று வந்தால் அது 'கௌ'வா, 'கெள'வா? கௌதமன் என்ற பெயரில் ஔகாரம். பேச்சு வழக்கின் 'கெளம்பு'வில் ளகரம். எழுத்துகளைப் பார்த்து முடிவு செய்ய வழியே இல்லை. சொல் தெரிய வேண்டும். தெரியாத நிரல்கள் மாற்றிய நூல்களில் கௌதமர்கள் எல்லாரும் ளகரத்தோடு திரிகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் மெய்ப்புப் பார்ப்பவரும் பிடிக்க மாட்டார். தேடுபொறி மட்டும் அந்தப் புத்தகத்தில் கௌதமன் என்று யாரும் இல்லை என்று சொல்லும். வாசிக்கும் குரல் 'கெ-ள-தமன்' என்று உச்சரிக்கும். எங்கள் நிரலில் இதற்கென்றே ஒரு சொல்லகராதி இருக்கிறது. அது ஐயப்படும் இடங்களை மனிதர் பார்த்துத் தீர்க்கிறார்.

பதிப்பாளர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய வன்தட்டுகளில், அன்று பக்கம் கோக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் கிடக்கும். பி.டி.எஃப். இருக்கிறதே, இது எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோப்பைவிட முக்கியமாக, அதோடு இருந்த எழுத்துருவைத் தொலைத்துவிடாதீர்கள். அளவில் அது கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. எந்தக் குறியின் இடத்தில் எந்த வடிவம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான். அது கிடைத்தால் மாற்று அட்டவணை ஒன்றை உட்கார்ந்து எழுதிவிடலாம். அந்த எழுத்துருவில் கோத்த அத்தனை புத்தகங்களுக்கும் அந்த ஓர் அட்டவணையே போதும்.